கோலா தெர்லாவில் நான் வாங்காத நிலம்

எண்பதுகளின் தொடக்கத்தில், கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும் என்ற பயத்தில், நிலம் வாங்கக் கற்றுக்கொள்ள நினைத்தேன். தாப்பாவில் நிலத் தரகு செய்த கமலா அக்காதான் சொல்லிக்கொடுத்தார்.

“பாதை இருக்கா, தண்ணி இருக்கா, கிராண்ட்டுப் பத்திரம் யாரு பேர்ல இருக்கு... இத மொதல்ல பாரு தம்பி” என்பார்.

கோலா தெர்லாவில் அவர் காட்டிய நிலத்தில் எல்லாமே சரியாக இருந்தது. ஓரத்துக் குடிசையிலிருந்து ஒரு பெண் வந்தாள்.

“நீங்கதான் வாங்கப் போறீங்களா? அப்ப எங்க புள்ளய என்னா செய்யறது?”

“அதையும் கூட்டிட்டுப் போ லா” என்றார் அக்கா.

அவள் முள்ளங்கிப் பாத்திக்கு அப்பால் கைகாட்டினாள். சின்னதாக ஒரு மண்மேடு. மழையில் கரையாதிருக்க மேலே தகரம் சாத்தியிருந்தது. அதன்மேல் அன்று பறித்த செவ்வந்தி.

வேண்டாமென்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நிலத்தை வேறொருவர் வாங்கினார். அடுத்த முறை அந்த வழியாகப் போனபோது குடிசை இல்லை. மேடு இருந்த இடத்தையும் சேர்த்து முட்டைக்கோஸ் நட்டிருந்தார்கள்.

பின்னாளில் கம்போங் ராஜாவில் வீடு வாங்கினேன். இப்போதும் மழை பெய்தால் தூக்கம் வருவதில்லை. அன்று நல்லவனாக விலகிக்கொண்டேன். நானே வாங்கி, அந்த மேட்டை விட்டுவைத்திருக்கலாம் என்பது அப்போது தோன்றவே இல்லை.