மேனேஜர் கூட்டிய அரை மணி

என் மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் தாங்கி இருக்கிறது. பின்னால் ஒரு வயர், எதிலும் செருகப்படாமல். அதில் உட்கார வேண்டிய கருவி இப்போது என்னிடம் இல்லை. உள்ளங்கை அளவு, சாம்பல் நிறத் திரை, குத்தி எழுத ஒரு சிறு குச்சி. ஆர்கனைசர் என்பார்கள். தாங்கியில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரில் உள்ள நாள், நேரம், வேலை எல்லாம் அதற்குள் இறங்கிவிடும். அது எங்கள் மேனேஜருடையது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பர்மாவின் மோல்மேனில் மரம் இழுத்தேன். எல்லை தாண்டி மேசோட்டில் ஒரு ரேடியோ கடையில் இரண்டு வருடம் இருந்தேன். பழுது பார்க்கவும் ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கவும் அங்கே பழகியது. போலீஸ் பிடித்து ஆற்றுக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டபோது யாங்கோன் வந்து க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை தூக்கினேன். ஒரு மூட்டை காலில் விழுந்து நான் தமிழில் திட்டியதைக் கேட்டுத் திரும்பியவர்தான் மேனேஜர். "எந்த ஊர் ஆளுடா நீ, இவ்வளவு சுத்தமா திட்டுறே" என்றார். அவருடைய தாத்தா துறைமுகக் கூலியாக வந்தவர். இவர் பபேடான் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் மேனேஜர். பருப்பு ஏற்றிச் சிட்டகாங் போகும் கப்பல்கள் அவர் பொறுப்பு. மறுவாரமே என்னை ஆபீஸ் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

கப்பல் வரும் நேரம் அவருக்கு நிமிடம் தப்பாமல் தெரியும். வீட்டு நேரம் எதுவும் நினைவில் நிற்காது. தின்கன்ஜூனில் அவர் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு பர்மியக் காலண்டர் தொங்கும். அக்கா, அதாவது அவர் மனைவி, அதில் பென்சிலால் எல்லாம் குறித்துவைப்பார். ஒரே மகள். அவள் பள்ளிக்கூடப் பரிசளிப்புக்கு அவர் போகவில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று துறைமுகத்தில் இருந்தார். மகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவது முடிவானபோது அக்கா கத்தவில்லை. "அவ போற அன்னிக்கும் நீங்க வரலேன்னா, இந்தச் சுவத்துல இனிமே நான் எதுவும் எழுதப் போறதில்ல" என்றார். அடுத்த வாரம் மேனேஜர் ஒரு கப்பல்காரரிடம் சொல்லி இந்தக் கருவியை வாங்கிவிட்டார். ஆபீஸ் கிளார்க், "மேனேஜருக்கு ரெண்டாவது சம்சாரம் வந்தாச்சு" என்றான். அக்கா கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்காவது என்னை ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டார்.

அதை ஓட வைக்கும் வேலை எனக்கு வந்தது. முதலில் ஊர் எது என்று கேட்டது. பட்டியலில் யாங்கோன் இல்லை. பெரும்பாலான நாடுகள் முழு மணிக் கணக்கில் நகரும்போது நம் நாடு அரை மணியில் நிற்கிறது. பாங்காக் போட்டால் அரை மணி முன்னால் போகும், டாக்கா போட்டால் பின்னால் போகும். "டாக்காவையே போடு" என்றார் மேனேஜர். "இருபது வருஷமா சிட்டகாங் தந்தியெல்லாம் அரை மணி கூட்டித்தானே படிக்கிறேன். தூக்கத்துலகூடக் கூட்டுவேன்." ஆபீஸ் கம்ப்யூட்டரில் யாங்கோன் நேரம் சரியாக இருந்தது. அதில் பத்தரை என்று அடித்து இறக்கினால் கருவியில் பத்து என்று காட்டும். அவர் உதட்டுக்குள் அரை மணி கூட்டிக்கொள்வார். மணி அடித்து ஞாபகப்படுத்தும் வசதியை முதல் நாளே நிறுத்தச் சொல்லிவிட்டார். முதலாளி முன்னால் கத்துகிறதாம்.

ஞாயிறுதோறும் தின்கன்ஜூன் போய்ச் சுவர்க் காலண்டரை நோட்டில் எழுதிக்கொள்வேன். அக்கா சோறு போடுவார். திங்களன்று ஆபீஸில் கரண்ட் இருக்கும் நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கருவியில் இறக்குவேன். நாலு மாதம் ஒரு பிசகும் இல்லை. மாமியார் திதி, பல் டாக்டர், கல்யாண வீடு, எல்லாவற்றுக்கும் மேனேஜர் போனார். அக்கா என் தட்டில் இரண்டாவது மீன் துண்டு வைக்க ஆரம்பித்தார்.

மகள் கிளம்பும் நாளுக்கு முந்தின சாயங்காலம் அக்கா ஆபீஸுக்குப் போன் செய்தார். விமான நேரம் மாறிவிட்டது, நாளைக் காலை பத்தரைக்கு ஏர்போர்ட் வாசலில் இருக்க வேண்டும், பத்தே முக்காலுக்கு அவள் உள்ளே போய்விடுவாள். மேனேஜர் முதலாளி அறையில் இருந்தார். கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் இருட்டாகக் கிடந்தது. நான் குச்சியை எடுத்துக் கருவியிலேயே நேராகப் பத்தரை என்று எழுதினேன். அவர் வெளியே வந்து அதைச் சட்டைப் பையில் போட்டார். "ஏர்போர்ட் நேரம் மாறிடுச்சு சார், உள்ளே எழுதிட்டேன்" என்றேன். "சரி" என்றார். கருவி வருவதற்கு முன்பு என்றால் நேரத்தை வாயால் சொல்லியிருப்பேன்.

மறுநாள் மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஏர்போர்ட்டில் நின்றேன். மேனேஜர் துறைமுகத்திலிருந்து நேராக வருவதாக ஏற்பாடு. அவரிடம் கைப்பேசி கிடையாது. பத்தே முக்கால் ஆனது. "கப்பல் வந்திருக்கும்மா" என்று மகள் அம்மாவிடம் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. கண்ணாடிக் கதவுக்குள் போனாள், திரும்பிப் பார்த்தாள், போய்விட்டாள். பத்து நிமிடம் கழித்து டாக்சியிலிருந்து மேனேஜர் இறங்கினார். கையில் மகளுக்காக வாங்கிய பலாச்சாங் பாட்டில், வறுத்த கூனி இறால், இன்னும் சூடாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். "அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டேன் பாத்தியா" என்றார். அக்கா அவரைப் பார்க்காமல் டாக்சியில் ஏறிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த நாள் ஆபீஸில் சொன்னேன். அரை மணி கழிக்காமல் நம்ம நேரத்திலேயே எழுதிவிட்டேன் என்று. அவர் கருவியை எடுத்துப் பார்த்தார். "நான் கூட்டிட்டேன்" என்றார்.

"அக்காகிட்ட நான் சொல்லிடுறேன் சார்."

"வேணாம். கப்பல் லேட்டுன்னு நானே சொல்லிக்கிறேன். உண்மையச் சொன்னா உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. ஞாயித்துக்கிழமை சோறு எங்க தின்பே?" பிறகு பர்மியத்தில், "கெய்சா மஷிபூ" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். கருவியைத் தாங்கியில் வைத்தார்.

நானும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் போய்ச் சாப்பிட்டேன். சுவர்க் காலண்டர் வெறுமையாக இருந்தது. எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை. மகள் போன் செய்தால் அவரிடம் "சாப்பிட்டீங்களாப்பா" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாள். மூன்று வருடம் கழித்து படகுத்துறைப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மேனேஜர் எழுந்திருக்கவில்லை. மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கா கருவியையும் தாங்கியையும் ஒரு பையில் போட்டு, "இது உனக்குத்தான் புரியும்" என்று கொடுத்தார். நான் வேலையை விட்டு மண்டலே பக்கம் போனேன்.

மகள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு மறுபடி தின்கன்ஜூன் போனபோது மேலும் ஒரு வருடம் ஆகியிருந்தது. அதே அடுப்படி. இருவரையும் உட்காரவைத்து, கருவியை முன்னால் வைத்து, அந்த அரை மணிக் கதையைச் சொன்னேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். மகள் கருவியின் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். பாட்டரி தீர்ந்து உள்ளே இருந்ததெல்லாம் எப்போதோ அழிந்திருந்தது.

"அப்ப, அப்பா நேரத்துக்குத்தான் வந்தாரா?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடி."

அவள் கையில் கடிகாரம் இன்னும் சிங்கப்பூர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து, உதட்டுக்குள் ஒன்றரை மணி கழித்தாள். பிறகு கருவியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அக்கா எனக்குத் தட்டு வைத்தார். மீன் ஒரு துண்டுதான் இருந்தது.

தாங்கியை நான் கொண்டுபோயிருக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இப்போது என் கைப்பேசியில் யாங்கோன் இருக்கிறது, அரை மணியோடு, சரியாக. தாங்கியின் வயரைச் சுற்றி ரப்பர் பாண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.