முதலில் பதில் சொல்லும் மிரர்

முதல் தடவை திரையில் வந்த வேகக் கணக்கை சிஸ்டம் அக்கா ஒருநாளும் நம்பமாட்டாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மறுபடி ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. மூன்று முறையும் அதே வேகத்தில் பதில் சொன்னால்தான் அந்த மிரருக்கு அவள் நோட்டில் ஒரு டிக் விழும்.

காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் நாற்பத்து மூன்று கணினிகள். அத்தனைக்கும் அவளே வைத்தியம். அவற்றை இயக்கும் மென்பொருளுக்கு ஊர் ஊராக நகல்கள் உண்டு. அந்த நகல்கள் இருக்கும் இடங்களுக்குத்தான் மிரர் என்று பெயர். எது சீக்கிரம் தருகிறதோ அதிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். காலையில் எல்லா மிரர்களையும் ஒரு சுற்றுத் தட்டிப் பார்க்காமல் அவளுக்குத் தேநீர் தொண்டையில் இறங்காது.

"என்னக்கா, இன்னிக்கு யாரு முதல்ல ஓடி வந்தாங்க?" என்று பக்கத்து மேசை டைப்பிஸ்ட் சீண்டுவாள்.

"அவன்தான்டி. வேற யாரு வருவா?"

அவன் என்றால் அவளுடைய தம்பி. வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பழைய மெஷின் ஒன்றை வைத்து மிரர் நடத்தியவன். மாலையில் டீ குடித்துவிட்டு வந்து, புதிய கோப்புகளைத் தன் கையாலேயே ஏற்றுவான். "தானா ஓடற மாதிரி வெச்சுட்டுப் போயேன்டா" என்றால், "அப்புறம் நான் எதுக்குக்கா இருக்கேன்?" என்பான். அதனால் நேரம் ஒரே மாதிரி இருக்காது. ஒரு நாள் நாலு ஏழு, ஒரு நாள் நாலு பதினைந்து. ஞாயிற்றுக்கிழமை என்றால் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து ஐந்தரை. ஏற்றிய நேரம் மிரரின் முகப்பில் பதிவாகும். அடுத்த நிமிடம் போன் வரும். "அக்கா, புதுசு வந்தாச்சு. எடுத்துக்கோ."

மாரடைப்பு வந்து தம்பி போய் எட்டு மாதம் ஆகிறது. போன் நின்றது. மிரர் நிற்கவில்லை.

யாரோ புது ஆள் பார்த்துக்கொள்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். நேரத்தை நோட்டில் எழுதத் தொடங்கிய பிறகுதான் அது தம்பியின் கணக்கு என்று உறைத்தது. நாலு ஒன்பது. நாலு பதினாறு. ஞாயிறு, ஐந்து இருபத்தெட்டு. இறக்கிய கோப்புகளை மூலத்தோடு ஒத்துப் பார்த்தாள். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

"அதை இப்ப யாரு நடத்தறாங்கன்னு கல்லூரில கேட்டுடுங்கம்மா. சரியான பதில் வரலேன்னா லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுங்க" என்றார் மேலாளர்.

"லைன் கிடைக்கல சார்" என்று நாலு நாள் கூசாமல் புளுகினாள். கேட்டால் முகம் தெரியாத ஒருவன் 'நான்தான்' என்று சொல்லிவிடுவானே! தம்பியை இன்னொரு முறை சாகக் கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை.

இன்று மேலாளர் மேசைக்கே வந்து நின்றுவிட்டார். ஸ்பீக்கரைப் போட்டுக் கூப்பிட்டாள். எடுத்தது கல்லூரி அலுவலர்.

"அந்த மெஷினா? கழட்டி மூணு மாசம் ஆச்சும்மா. வயரெல்லாம் சுருட்டி ரூமைப் பூட்டியாச்சு. சாவி என் டிராயர்லதான் கிடக்கு."

மேலாளர் திரையைத் திரும்பிப் பார்த்தார். "எவனோ விளையாடறான். இப்பவே எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். டைப்பிஸ்ட் தன் நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு."

"உன்னை அவன் என்னடி பண்ணப்போறான்?"

பட்டியலைத் திறந்தாள். ஒரு வரிக்கு முன்னால் # என்ற ஹாஷ் குறி போட்டால் போதும், கணினி அந்த மிரரின் பக்கமே போகாது. தம்பியின் வரியில் கர்சர் துடித்தது. அவள் விரல் அந்தரத்தில் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் நாலு பத்து. பதினொன்று. பதின்மூன்று.

திரையின் ஓரத்தில் திறந்திருந்த அவன் மிரரின் முகப்பில் நேரம் மாறியது. இன்று, நாலு பதினான்கு.

அக்கா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள். பட்டியலின் உச்சிக்குப் போய், ஒவ்வொரு வரியாக ஹாஷ் குறி தட்டிக்கொண்டே வந்தாள். தம்பியின் வரி வந்ததும் அதை மட்டும் விட்டுவிட்டு, அடுத்த வரிக்கு இறங்கினாள்.