பவுனு இடித்த வெற்றிலை

திண்டிவனத்தில், மரக்காணம் போகிற ரோட்டோரம், விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்தவர் ஒருவர் புண்ணியத்துக்குக் கட்டிவைத்த முதியோர் விடுதி ஒன்று இருந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர்தான் அதற்கு சூப்பிரண்டு. புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். எழுதினால் தோஷமில்லை: கோதண்டபாணி. ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றால் முதலில் மூக்குப்பொடி போடுவார், பிறகு தும்முவார், அப்புறம் நாளைக்குப் பார்க்கலாம் என்பார். தங்கமான மனுஷர். தங்கமாக இருந்தால் மட்டும் ஒரு விடுதியை நடத்திவிட முடியாது என்பது எனக்குப் பவுனுவால்தான் தெரிந்தது.

பவுனு மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரி. புருஷன் மீன் பிடிக்கப் போய்க் கடலோடு போனான். மகன் கல்யாணம் கட்டி மாமியார் வீட்டோடு போனான். "ரெண்டு பேரும் திரும்பி வரலீங்க" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். மீன் கூவி விற்ற தொண்டை அவளுடையது. ரகசியம் சொல்கிறேன் என்று பெண்கள் கூடத்தில் அவள் ஆரம்பித்தால் ஆண்கள் கூடத்தில் ஆமாம் போடுவார்கள்.

விடுதியில் சைவச் சாப்பாடுதான், மண்டிக்காரர் உத்தரவு. பவுனு தலையணை உறைக்குள் கருவாடு வைத்திருந்தாள். அவள் கட்டிலைச் சுற்றித் தெருப் பூனைகள் எல்லாம் பக்தியோடு உட்கார்ந்திருந்ததில்தான் குட்டு வெளிப்பட்டது. மறுபடியும் அதே கதை நடந்தபோது, இனி ஒரு புகார் வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான் என்று என் வீட்டுக்காரர் ஒரே தும்மலோடு சொல்லிவிட்டார். அவளுக்குப் போக்கிடம் கிடையாது. அதனால் கருவாட்டை விட்டாள். வெற்றிலையை மட்டும் விடவில்லை. கட்டிலுக்கடியில் சின்ன இரும்பு உரல் ஒன்று வைத்திருந்தாள். மத்தியானத்தில் அதை அவள் இடிக்கிற சத்தத்தில் விடுதியில் யாரும் தூங்கியது கிடையாது.

பக்கத்துக் கட்டில் சின்னபொண்ணு. முகையூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் கேப்பையும் மல்லாட்டையும் விளைத்த வீட்டுக்காரி, பிள்ளை இல்லை. வாதம் அடித்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. பல்லும் இல்லை. பவுனுதான் வெற்றிலையை இடித்து வாயில் வைப்பாள். ஒருத்தி பேசமாட்டாள், ஒருத்தி பேச்சை நிறுத்தமாட்டாள். ஆகவே நல்ல சிநேகம்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் வெற்றிலை பாக்கு கொடுப்பது கம்பவுண்டர் சீனுவாசன். அந்த வேலையை அவனாகவே கேட்டு வாங்கிக்கொண்டான். வாதத்துக்குத் தைலம் தேய்க்கச் சின்னபொண்ணை மருந்து அறைக்குக் கொண்டுபோவதும் அவன்தான். நெற்றியில் திருமண், வாய் நிறைய "அம்மா, அம்மா". இவனைப் போல ஒரு பிள்ளை நமக்கு இல்லையே என்று கிழவிகள் உருகினார்கள். நானும் அவனுக்கு மோர் கொடுத்தவள்தான்.

திடீரென்று சின்னபொண்ணு அவன் கொடுத்த வெற்றிலையை இடது கையால் தட்டிவிட ஆரம்பித்தாள். தினமும் தட்டிவிட்டாள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. ஆயுசு முழுக்க வெற்றிலை போட்டவள் வெற்றிலையை வெறுத்தால் நாள் நெருங்கிவிட்டது என்பார்கள். விடுதி முழுக்க அதையே பேசினார்கள். சாகப்போகிறவர் பொதுக் கூடத்தில் கிடக்கக் கூடாது என்பதும் அங்கே வழக்கம். மருந்து அறையை ஒட்டிய தனி அறைக்கு மாற்றி, பால் ஊற்றுவதற்குச் சொந்தக்காரர்களுக்கு ஆள் அனுப்புவார்கள். முகையூருக்கு ஆளும் போயிற்று. தனி அறையில் அவளைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கு? சீனுவாசனுக்குத்தான். அவனே முன்வந்து கேட்டான். என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

இதில் பவுனு மட்டும் வாயைத் திறக்கவில்லை. காரணம் இருந்தது. கீழே விழுகிற வெற்றிலை தினமும் அவள் உரலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியை இடித்துச் சின்னபொண்ணுக்குக் கொடுப்பாள், அவளும் ருசித்துச் சாப்பிடுவாள். மீதிப் பாதி பவுனுவுக்கு லாபம். இதைச் சொன்னால் அந்தப் பங்கு நின்றுபோகுமே என்று கமுக்கமாக இருந்தாள். சாகப்போகிறவள் வெற்றிலை கேட்டு ஆவென்று வாயைத் திறக்கமாட்டாள் என்பது அந்த விடுதியில் பவுனு ஒருத்திக்குத்தான் தெரியும்.

தனி அறைக்கு மாற்றுவதாக இருந்த அன்று காலையில், துணி மாற்றிவிடுவதற்காகப் பவுனு சின்னபொண்ணைப் புரட்டினாள். தொடையின் உள்பக்கம் விரல் விரலாகக் கன்றிப்போயிருந்தது. ஆறின தடம் ஒன்று, புதுத் தடம் ஒன்று. அந்த நேரம் வாசலில் சீனுவாசனின் குரல் கேட்டது. சின்னபொண்ணு நல்ல கையால் பவுனுவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவன் போன பிறகும் விடவில்லை.

பவுனு முந்தானையை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெற்றிலையை இடித்தாள். ஒரு உருண்டையைக் காட்டி, "இது நான் குடுக்கறது யக்கா" என்றாள். வாய் திறந்தது. அதே உரலிலிருந்து இன்னொரு உருண்டை எடுத்து, "இது சீனுவாசன் குடுத்தது" என்றாள். வாய் இறுகிற்று, கண்ணில் நீர் வழிந்தது. வேறு பேர்களையும் சொல்லிப் பார்த்தாள், என் வீட்டுக்காரர் பேர் உட்பட. அதற்கெல்லாம் வாய் திறந்தது.

பின்வாசல் வழியாக என் சமையலறைக்கு வந்தாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"சூப்பிரண்டம்மா, நான் கருவாட்டுத் திருடிதான். நான் சொன்னா ஐயா நம்பமாட்டாரு, வெளிய தள்ளிடுவாரு. தள்ளட்டும். அந்தப் பொம்பளைய மட்டும் அந்த ரூமுக்கு இட்டுக்கினு போவ வேணாம்னு சொல்லுங்க."

விஷயத்தைச் சொன்னாள். நேராக ஆபீஸ் அறைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் பொடி டப்பாவைத் தேடினார். அதை நான் ஏற்கெனவே எடுத்து இடுப்பில் செருகியிருந்தேன்.

"வயசான கிழவி அவ. அவளைப் போய் யாராவது... நல்ல பையன் மேல பழி போடக் கூடாது. நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.

"பூட்டு இல்லாத வீட்டுக்குத் திருடன் வர்றான்னா வீடு அழகா இருக்குதுன்னா வர்றான்? அவளால கத்த முடியாது, எழுந்து ஓட முடியாது, சொன்னாலும் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நீங்களே சொல்லிடுவீங்க. அவனுக்கு அது போதும். நாளைக்குப் பார்க்கிற வரைக்கும் அவ எங்க படுக்கறது?"

கேட்கிறபடி கேட்டால் புரியாத மனுஷர் இல்லை. சீனுவாசனைக் கூப்பிட்டு, அவசரமாக மருந்து வாங்க வேண்டும், விழுப்புரத்துக்குப் போய்த் தங்கி நாளை மத்தியானம் வா என்று அனுப்பினார். முதல் தடவையாக அவர் பொடி போடாமல் எடுத்த முடிவு. நானும் பவுனுவும் சின்னபொண்ணின் கட்டிலை விட்டு நகரவில்லை.

மறுநாள் காலை ரயிலில், மாதாமாதம் விழுப்புரத்திலிருந்து வரும் லேடி டாக்டர் வந்தார். அவர் முன்னால் பவுனு மறுபடி இரண்டு உருண்டை பிடித்தாள். ஒன்றுக்கு வாய் திறந்தது, மற்றதற்கு மூடியது. டாக்டர் உடனே போர்வையை விலக்கவில்லை. "நான் பாக்கலாமான்னு அவங்கள கேளு" என்றார். பவுனு இன்னொரு உருண்டை எடுத்து, "டாக்டரம்மா பாக்கட்டுமா யக்கா? வேணாம்னா வாய மூடிக்க" என்றாள். சின்னபொண்ணு கொஞ்ச நேரம் டாக்டரைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

பார்த்து முடித்த டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே போலீசுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார். அதற்குள் மண்டிக்காரரின் ஆள் ஒருவர் வந்துவிட்டார். சீனுவாசனுக்கு நற்சான்று கொடுத்துச் சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம், விடுதியின் மானம் போய்விடும் என்றார்.

பவுனுவுக்குப் பழைய தொண்டை திரும்பி வந்தது. "தப்பு பண்ணவன் அவன். மானம் மட்டும் எங்களுக்குப் போவுதா? இன்னா நியாயம் இது? நல்லவன்னு நீங்க எழுதிக் குடுத்தா இன்னொரு ஊர்ல இன்னொரு பொம்பளைக்கு வெத்தில குடுப்பான்."

ரோட்டில் போன மாட்டுவண்டி நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சத்தமில்லாமல் அனுப்புவது என்பது நடக்கிற காரியமாக இல்லை. மத்தியானம் மருந்துப் பையோடு திரும்பிய சீனுவாசனை வாசலில் போலீஸ்காரர் எதிர்கொண்டார். அப்போதும் அவன் "அம்மா" என்றுதான் ஆரம்பித்தான். மோர் கொடுத்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு சில வழக்கங்கள் மாறின. தனி அறையைத் திறந்து விறகு அடுக்கினோம். பெண்களைக் குளிப்பாட்டவும் துணி மாற்றவும் தைலம் தேய்க்கவும் பெண்கள்தான், அதுவும் இரண்டு பேராக. எந்த ஆணும் கூடத்து வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். யாராவது ஒன்றை வேண்டாம் என்று தள்ளினால், நாள் நெருங்கிவிட்டது என்று நாமாக முடிவு கட்டாமல் ஏன் என்று கேட்க வேண்டும். வாசலை ஒட்டிய கட்டிலைப் பவுனு பிடித்துக்கொண்டாள். காற்று வரும் இடத்துக்காகத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும் என்று சிலர் கேலி செய்தார்கள். காற்றும் வந்தது, பொய் சொல்வானேன்.

முகையூரிலிருந்து பால் ஊற்ற வந்த சொந்தக்காரர் அந்தப் பாலில் காப்பி குடித்துவிட்டு ஊர் திரும்பினார். சின்னபொண்ணு நன்றாகவே இருந்தாள்.

புதிதாக வந்த கம்பவுண்டர் அந்தோணிசாமி. கூச்சப்படுகிற மனுஷர். ஒருநாள் அவர் வாசலில் நின்று குரல் கொடுத்து, உள்ளே வந்து, எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்து சின்னபொண்ணிடம் வெற்றிலையை நீட்டினார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். பவுனு உரலின் குட்டி உலக்கையைக் கையில் எடுத்துவிட்டாள். ஆனால் சின்னபொண்ணின் கண்ணில் பயம் இல்லை. கை யார் முந்தானையையும் தேடவில்லை. அவரையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்களா? சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு அந்தோணிசாமி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அவர் கூடத்தை விட்டுப் போகிற வரைக்கும் சின்னபொண்ணு பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அவளுடைய பாதி முகம் சிரித்தது. பவுனு பதறிப்போய், "இன்னா யக்கா, அந்தாளு ஏதாச்சும் பண்ணானா?" என்று கேட்டாள். சின்னபொண்ணு இல்லை என்று தலையை ஆட்டினாள். உடனே பவுனுவின் உரலைக் காட்டி, ஆவென்று வாயைத் திறந்தாள்.

வேண்டாம் என்றால் ஒருவன் போகிறானா என்று பார்த்திருக்கிறாள்.