நாகஜோதியின் குரல்

நாகஜோதி மதுரைக்குப் போய் எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்றபோது அவள் அம்மா அங்காளம்மாளுக்குக் கோபம் வரவில்லை. விளங்கத்தான் இல்லை. இணையத்தில் வீடியோ போட்டுப் பிழைப்பதற்கான படிப்பு அது. மகள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "பேசுறதுக்கெல்லாமா காலேஜ் வச்சிருக்காவ?" என்று மட்டும் கேட்டாள். ராஜபாளையத்தில் நூற்பாலை வேலை பார்த்துத் தனியாளாக மகளை வளர்த்தவள் அவள். பிள்ளை ஆசைப்படுகிறாள், படிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

நாகஜோதி நன்றாகவே படித்தாள். கேமராவும் எடிட்டிங்கும் எல்லோருக்கும் வந்தன. அவளுக்கென்று வாய்த்தது குரல். லேசான கரகரப்போடு, பக்கத்து வீட்டிலிருந்து யாரோ உரிமையோடு கூப்பிடுவது போல இருக்கும். "ஊர்ப்பேச்ச மட்டும் மாத்திராத, உன் சொத்தே அதுதான்" என்று பேராசிரியை சொல்லியிருந்தார். அய்யனார் கோவில் அருவியையும் சோழபுரத்துப் பருத்திக் காட்டையும் படமெடுத்துத் தன் சேனலில் போட்டாள். பார்த்தவர்கள் பெரும்பாலும் கூடப் படித்தவர்கள்தான்.

பட்டம் வாங்கிய பிறகு வெகுநாள் வேலை அமையவில்லை. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில், "நீ எந்த டிவில வருத?" என்று கேட்பார்கள். விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருந்த நவநீதகிருஷ்ணன் அவளை வேலைக்கு எடுத்தார்.

கடையின் பின்கட்டில் பால் சுண்டுவதை எடுத்து, அதன்மேல் அவள் பேசினாள். "வாசம் வருதா? அப்ப இன்னும் அங்க என்ன செய்யுதீங்க, வண்டிய எடுங்க" என்று அவள் சொன்ன ஒரு வீடியோ எங்கெங்கோ ஓடியது. வெளியூர்க்காரர்கள் கடைக்கு வந்து, "அந்தக் கொரலு யாருது?" என்று விசாரித்தார்கள். கல்லாவிலிருந்து நவநீதகிருஷ்ணன் அவளைக் கை காட்டுவார். அந்தக் கொஞ்ச காலம் அவள் பஸ்ஸில் வரும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வருவாள்.

ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து நவநீதகிருஷ்ணனின் மருமகன் வந்தார். கத்தை கத்தையாகத் தாள்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கதை, செய்தி, திட்டுவது, கெஞ்சுவது என்று என்னென்னவோ இருந்தது. திருவிழா நேரத்து விளம்பரங்களுக்கு ஆகும் என்றார். தன் குரலிலேயே பேசக் கணினியைப் பழக்குகிறார்கள் என்று நாகஜோதிக்குத் தெரியும், வகுப்பில் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் சரக்கறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க, ஒரு சொல்லும் பிசகாமல் வாசித்துக் கொடுத்தாள். அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வரவில்லை.

அடுத்த மாதம் நவநீதகிருஷ்ணன் அவளைக் கூப்பிட்டார்.

"இனிமே நீ கடைக்குன்னு வெயில்ல அலைய வேண்டாம் தாயி. மாப்ள கம்ப்யூட்டர்லயே எல்லாம் செஞ்சுருதாரு."

"அண்ணாச்சி, அது என் கொரலுல்லா?"

"ஒன் கொரலுதான். யாரு இல்லன்னா? ஒன்னால கட நல்லாருக்கு" என்றார் அவர். உண்மையாகவே வாழ்த்துவது போலத்தான் சொன்னார். இரண்டு டப்பா பால்கோவாவும் கொடுத்தனுப்பினார்.

கோர்ட்டுக்கு எதிரே இருந்த வக்கீல் எட்வினிடம் போய்க் கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "எழுத்துல ஒண்ணும் வாங்கலேல்ல? கேஸ் போடலாம்மா. ஆனா எம்புட்டு வருசம் இழுக்கும்னு என்னால சொல்ல முடியாது. நெலம்னா பட்டா இருக்கும். கொரலுக்கு எத காட்டுவ?" அவள் எழுந்து வந்தாள்.

திரும்பவும் தன் சேனலில் பேசத் தொடங்கினாள். இந்தமுறை பார்க்க ஆட்கள் வந்தார்கள், திட்டுவதற்கு. பால்கோவா கடைக் குரலைத் திருடிப் போடுகிறாள் என்று எழுதினார்கள். முகத்தைக் காட்டிப் பேசினாள். குரலுக்கு ஏற்ப வாயசைக்கிறாள் என்றார்கள். நான்தான் அது என்று ஒரு வீடியோ போட்டு விளக்கினாள். அதன் கீழே ஒருவர், அசல் குரலில் இருக்கிற உயிர் இதில் இல்லை என்று எழுதியிருந்தார். பிறகு அவள் எதையும் போடவில்லை.

இப்போது அம்மா வேலை பார்க்கும் ஆலையிலேயே அவளும் வேலை பார்க்கிறாள். மிஷின் சத்தத்தில் அங்கே பேச்சு எடுபடாது. கையைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். அந்தச் சைகைகளை அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது.

போன ஆடிப்பூரத்துக்கு அங்காளம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தாள். திரும்பி வந்து செருப்பைக் கழற்றியவள் உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றாள்.

"பஸ் ஸ்டாண்டுல உன் கொரலு கேட்டுச்சுட்டி. எம்புள்ள கூப்புடுதான்னு கூட்டத்துக்குள்ள தேடுதேன். பாத்தா, ஒரு கட மேல மைக்கு மாட்டிருக்கான்."

நாகஜோதி உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"செத்த நேரம் அங்ஙனயே நின்னேன்" என்றாள் அம்மா. "நீ இப்பல்லாம் அப்படிப் பேசுறதில்லல்ல."

நாகஜோதி தட்டை எடுத்து உலையை மூடினாள்.