மூன்று பத்துக்கு மரம்

நாவலப்பிட்டி ராஜலிங்கம் குடும்பத்தோடு புத்த சமயத்தில் சேர்ந்துவிட்டார் என்ற செய்தி, கண்டி மார்க்கெட்டில் பாரூக்கின் துணிக்கடையில், அரை மீற்றர் லைனிங் துணியோடு சேர்த்து எனக்குக் கிடைத்தது. துணிக்கு மட்டுந்தான் பில் போட்டார்.

“கண்ட ஆள் ஈக்கிது” என்றார் பாரூக். “ஏரிக்கரையில இருக்கிற பன்சலையில பொஞ்சாதி புள்ளைகளோட குந்திக்கிட்டு, ஹாமதுரு கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சிரிக்காரு. பொறகென்ன?”

விகாரையில் ஒரு பிக்கு கொடுத்த தேநீரைக் குடித்தால் மதம் மாறிவிடும் என்றால், பாரூக்கின் கடையில் நான் குடித்த தேநீருக்கு இந்நேரம் இரண்டு முறை ஹஜ்ஜுக்குப் போய் வந்திருக்க வேண்டும். இருந்தாலும் பத்திரிகைக்கு எழுதுகிற எனக்கு, விசாரிக்காமல் எழுதக் கூடாது என்று ஒரு பழக்கம். நாவலப்பிட்டி பஸ்ஸில் ஏறினேன்.

வழியில் கம்பளையில் இறங்கி வடை வாங்கிய இடத்தில் கேட்டபோது, மதம் மாறவில்லை, பன்சலையில் குடை திருடிவிட்டார் என்றார்கள். நாவலப்பிட்டியில் இறங்கியபோது இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன: முதலில் குடையைத் திருடினாராம், அந்தப் பாவம் தீரத்தான் மதம் மாறினாராம். செய்தி பஸ்ஸை விட வேகமாக வந்திருந்தது.

ராஜலிங்கத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்துக்கு எதிரே மக்கீன் முதலாளியின் குடைக் கடையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பத்தாம் வகுப்போடு டவுனுக்கு இறங்கியவர். ஆனால் ஊரில் அவர் பெயர் டைம்டேபிள். அட்டனுக்கு அடுத்த பஸ் எப்போது, கொழும்பு ரயில் எத்தனை நிமிஷம் பிந்தும், கலகெதரைக்குப் போக எங்கே மாறி ஏற வேண்டும் என்று எதைக் கேட்டாலும், கையில் இருக்கிற குடையை விரித்தபடியே சொல்லிவிடுவார். நிலையப் பொறுப்பாளர் அறையில் தட்டியவர்களையும் “எதிர்க் கடையில கேளுங்க” என்று அனுப்புவார்கள் என்று கேள்வி. இத்தனை வழி தெரிந்த மனிதர் போய் வந்த ஊர்கள் எவை என்று எண்ணினால், ஒரு கையில் இரண்டு விரல் மிஞ்சும்.

கடையில் அவர் இல்லை. சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். முதலாளி மக்கீன் இருந்தார். அவர் முகத்தில் மதம் பற்றிய கவலை எதுவும் தெரியவில்லை.

“மதத்த விடுங்க, அது அல்லாஹ்ட காரியம்” என்றார். “குடைக் கடையில வேல செய்ற மனுஷன் வெளியூர்ல போய்க் குடை இரவல் வாங்கினா, என்ட கடைக்கு என்ன மரியாதை? ஒரு கஸ்டமர் கேக்கிறாரு, ஒங்கட குடை மழையில கரையுமான்னு.”

ராஜலிங்கத்தின் வீடு ரயில் பாதைக்கு மேலே, இரண்டு அறை. சுவரில் 1998ஆம் வருஷத்து நாட்காட்டி இன்னும் தொங்குகிறது. தாள்களெல்லாம் கிழிந்து, அட்டையும் படமும் மட்டும் மிச்சம். படத்தில் பேராதனைப் பூங்காவின் பெரிய அத்தி மரம், புல்வெளி முழுக்கக் கிளை விரித்து நிற்கிறது. அந்த மரம்தான் இந்தக் கதை.

கல்யாணத்துக்கு மறுநாள் புஷ்பம் அந்தப் படத்தைப் பார்த்து, “இது எங்க இருக்கு?” என்று கேட்டாள். “பேராதனையில. ஒரு மணி அஞ்சு நிமிசம். வர்ற ஞாயித்துக்கெழம போவோம்” என்றார் ராஜலிங்கம். அது பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. அப்போது யுத்த காலம். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் பார்க்கப் போகிறவர் யார்? பிறகு மகள்கள் இரண்டு பேர். பிறகு மக்கீன் முதலாளி ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கத் தொடங்கினார். ஊருக்கெல்லாம் பேராதனைக்கு வழி சொன்ன வாய், வீட்டுக்குள் வந்ததும் அந்த ஊரின் பெயரைச் சொல்லாமல் பழகிக்கொண்டது. புஷ்பமும் ஒன்றும் கேட்பதில்லை. வருஷத்துக்கொரு முறை அந்தப் படத்தைத் துடைப்பாள். அதுதான் அவரால் தாங்க முடியாதது.

இந்தச் சித்திரையில் மகள்கள் வேறொன்று கேட்டார்கள். குண்டசாலைக்கு அப்பால் புதிதாக ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்திருந்தது. தண்ணீர்ச் சறுக்கு, அலைக் குளம், சுழலும் கிண்ணம் எல்லாம் உண்டு. ஆங்கிலத்தில் ‘அற்புதப் பள்ளத்தாக்கு’ என்று பொருள்படும் பெயர். தமிழ்ப் பலகையில் ‘வொண்டர் வெளி’ என்று எழுதி, நம்மை வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள். பெரியவளுடைய வகுப்பில் எல்லோரும் போய் வந்துவிட்டார்களாம். முதலாளியும் வருஷப் பிறப்புக்கு மூன்றாம் நாள், ஒரே ஒரு நாள் விடுமுறை கொடுத்தார்.

ராஜலிங்கத்துக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பிள்ளைகளுக்குத் தண்ணீர், திரும்பும் வழியில் கண்டி டவுன், கடைசியில் புஷ்பத்துக்கு மரம். வாகனம் கிடையாது. வேண்டியதும் இல்லை, பஸ் இருக்கிறது, அவர் இருக்கிறார். ஒரு தாளில் எழுதினார்: 5.50 நாவலப்பிட்டி, 7.20 கண்டி, 7.40 குண்டசாலை பஸ், 9.00 திறப்பு, 1.30 வெளியே, 2.15 கண்டி, ஏரி இருபது நிமிஷம், 2.45 பேராதனை பஸ். அடுத்த வரியில்: 3.10 மரம்.

புஷ்பத்தின் தங்கை கமலமும் வந்தாள். தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். மச்சானின் தாளை வாங்கிப் பார்த்தாள்.

“பேராதனையில என்னா மச்சான் இருக்கு?”

“பூந்தோட்டம்.”

“எந்த டிவிசன்?”

“அது தேயிலைத் தோட்டம் இல்ல கமலம். சும்மா பாக்கிற தோட்டம்.”

“தோட்டத்துல இருந்து லீவு போட்டு வந்து தோட்டத்தப் பாக்கிறதா? நல்லா இருக்கு. பேரு போட்டு நாள் சம்பளம் குடுப்பாங்களா?”

குடை எடுக்கலையா என்று புஷ்பம் கேட்டிருக்கிறாள். நனைவதற்குக் காசு கட்டிப் போகிற இடத்துக்கு எவனாவது குடை கொண்டு போவானா என்று குடைக் கடைக்காரர் பதில் சொல்லியிருக்கிறார்.

காலையில் எல்லாம் தாளில் உள்ளபடியே நடந்தது. பேராதனையைத் தாண்டும்போது தோட்டத்து மதில் தெரிந்தது. “இப்பவே எறங்கிப் பாத்துட்டுப் போயிரலாமே” என்றாள் புஷ்பம். “திரும்பி வர்ற வழிதானே” என்றார் ராஜலிங்கம். தாளில் அப்படித்தான் இருந்தது.

பூங்காவில் சேலையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்கள். அக்காளும் தங்கையும் பைகளைக் காத்துக்கொண்டு சிமெந்துக் கட்டில் உட்கார்ந்தார்கள். சறுக்கில் தண்ணீர் கொட்டுவதைக் கமலம் வெகுநேரம் பார்த்தாள். “நம்ம லயத்துப் பீலியிலயும் இப்பிடித்தான் கொட்டுது. அதுக்கு வரிசையும் இருக்கு, சண்டையும் இருக்கு. டிக்கட்டுதான் இல்ல” என்றாள்.

ஒன்றரைக்குக் கிளம்ப வேண்டும். சின்னவள் அப்போதுதான் பெரிய சறுக்கின் வரிசையில் முன்னுக்கு வந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம் நின்ற பிள்ளையை எப்படி இழுப்பது? ராஜலிங்கம் கீழே நின்று கடிகாரத்தைக் காட்டினார். மகள் மேலேயிருந்து கை அசைத்தாள். வெளியே வந்தால், வருஷம் கொண்டாடப் போன டிரைவர்கள் இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை. இரண்டு பஸ்ஸில் ஒன்றுதான் ஓடியது. கண்டியில் இறங்கும்போது மூன்று பதினைந்து. அந்த நேரத்துக்கு அவர்கள் மரத்தடியில் ஐந்து நிமிஷமாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

வானம் பிளந்துகொண்டு மழை வந்தது. பேராதனை பஸ்ஸின் மிதிபலகையிலேயே எட்டுப் பேர் தொங்கினார்கள். ராஜலிங்கம் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக அட்டவணையில் இல்லாத ஒரு காரியம் செய்தார். த்ரீவீல் ஒன்றை நிறுத்தினார்.

இங்கேதான் அவருடைய சிங்களம் குறுக்கே வந்தது. நாவலப்பிட்டிப் பக்கத்தில் பேராதனைப் பூங்காவைச் சிங்களத்தில் ‘மல்வத்த’ என்பார்கள். பூந்தோட்டம் என்று பொருள். கண்டி டவுனுக்குள் அதே சொல் ஏரிக்கரையில் உள்ள மல்வத்தை விகாரையைக் குறிக்கும். “மல்வத்தட்ட யமு” என்றார் ராஜலிங்கம், பிள்ளைகள் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே. தமிழில் ‘பேராதனை’ என்று மட்டும் சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் எழுத ஒன்றும் இருந்திராது.

ஐந்து பேர் ஏறி, இரண்டு பக்கமும் ரெக்சின் திரையை இழுத்து மூடினார்கள். வெளியே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. நடந்தால் பத்து நிமிஷ வழி. ஆனால் மழை நாளில் ஏரியைச் சுற்றி வாகனங்கள் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நிற்கும். த்ரீவீல் ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது. நின்ற இடத்தில் ராஜலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக இருபத்தைந்து நிமிஷம்.

“பாத்தியா, கண்டி பேராதனை இருபத்தஞ்சு நிமிசம். நான் சொன்னேன்ல?” என்றார் புஷ்பத்திடம். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் தன் ஆயுளிலேயே மிகவும் சந்தோஷமாக இருந்ததாக என்னிடம் சொன்னார்.

திரை விலகியது. மரம் இல்லை. வெள்ளைச் சுவர், ஓட்டுக் கூரை, படிக்கட்டு. த்ரீவீல் திரும்பிப் போயிருந்தது. ஐந்து பேரும் தாழ்வாரத்துக்கு ஓடி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பிள்ளைகளின் பனியனில் ‘வொண்டர் வெளி’ என்று பெரிதாக எழுதியிருந்தது.

வயதான ஹாமதுரு ஒருவர் வந்து, என்ன காரியமாக வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். ராஜலிங்கத்துக்கு மறைக்கத் தெரியாது. “மல் பலன்ட ஆவா” என்றார். பூப் பார்க்க வந்தோம். ஹாமதுரு கொஞ்ச நேரம் யோசித்து, உள்ளே கூட்டிப்போய், புத்தர் முன்னால் தட்டில் வைத்திருந்த அரளிப் பூக்களைக் காட்டினார். ஐந்து பேரும் மரியாதையாகப் பார்த்தார்கள். பிறகுதான் சங்கதி புரிந்து, அவர் தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துவிட்டு, பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் வரவழைத்தார். பாரூக்கின் ஆள் கண்டது இதைத்தான்.

“மச்சான், ஏதாச்சும் பேசுங்க” என்றாள் கமலம், மெதுவாக.

“என்னாத்தப் பேச?”

“மழ எத்தன மணிக்கு விடும்னு சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் எல்லா நேரமும் தெரியுமே.”

ஐந்து மணியாகியும் விடவில்லை. ஹாமதுரு உள்ளே போய்த் தன் கறுப்புக் குடையை எடுத்து வந்து, ராஜலிங்கத்திடம் கொடுக்காமல் புஷ்பத்தின் பக்கத்தில் வைத்தார். அடுத்த முறை பூப் பார்க்க வரும்போது கொண்டு வாருங்கள் என்றார். ஒரு குடைக்குள் ஐந்து பேர் முறை வைத்து ஏரியைச் சுற்றி நடந்தார்கள். தாளில் எழுதியதில் அந்த ஏரி மட்டும் கிடைத்தது, அதுவும் வேண்டிய அளவுக்கு மேலே.

ஆறு மணி தாண்டி நாவலப்பிட்டி பஸ் பேராதனையைக் கடந்தது. வாசல் சாத்தியிருந்தது. மதிலுக்கு மேலே பச்சையாக ஏதோ தெரிந்தது.

“அதா?” என்றாள் புஷ்பம்.

“மரந்தான்.”

“அந்த மரமா?”

“அது தெரியல” என்றார் ராஜலிங்கம். அவருடைய வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்ததை நாவலப்பிட்டியில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

இவ்வளவையும் அவர் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். குடை ஆணியில் தொங்கியது. உடைந்திருந்த கம்பி ஒன்றை மாற்றி, கைப்பிடிக்குப் புது மெருகு போட்டிருந்தார். ஊர் என்ன பேசுகிறது என்று அவருக்குத் தெரியும். கடையில் வழி கேட்பவர்கள் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்களாம்.

“நான் கண்டியில்தான் இருக்கிறேன். விகாரைக்குப் பத்து நிமிஷ நடை” என்றேன். “கொடுங்கள், இன்றைக்கே சேர்த்துவிடுகிறேன். பேச்சும் அடங்கும்.”

ராஜலிங்கத்தின் முகம் தெளிந்தது. எச்சில் கையோடு எழுந்தார். அதற்குள் புஷ்பம் குடையை ஆணியிலிருந்து எடுத்துவிட்டாள். அதை அலுமாரிக்குள் சேலைகளுக்குப் பின்னால் வைத்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஒங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?” என்றாள் என்னிடம். “பூப் பாக்க வர்றப்ப கொண்டாரச் சொன்னாரு அந்தச் சாமி. என்கிட்டத்தான் குடுத்தாரு. நான் பூவ இன்னும் பாக்கல.”

“புஷ்பம், ஊரு சிரிக்குது” என்றார் ராஜலிங்கம்.

“சிரிக்கட்டும். பத்தொம்பது வருசமா நான் ஒங்க வாய்ச் சொல்லப் பிடிச்சிக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் கைக்கு ஒன்னு கெடைச்சிருக்கு.”

அவர் உட்கார்ந்தார். இடது கையால் சட்டைப் பையைத் தடவி ஒரு பென்சிலை எடுத்தார். “வெசாக் பௌர்ணமிக்கு பஸ் கூட்டம். அடுத்த மாசம் பொசன் பௌர்ணமி” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, என் பத்திரிகையின் ஓரத்தில் 5.50 என்று எழுதினார். அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

மாலையில் கண்டிக்குத் திரும்பி, ஏரிக்கரையோரமாக வீட்டுக்கு நடந்தேன். தூறல் போட்டது. விகாரைப் பக்கத்திலிருந்து வயதான ஹாமதுரு ஒருவர், காவித் துணியைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு வந்தார். குடை இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் எல்லோரையும் பார்த்து அப்படிச் சிரிப்பவராகவும் இருக்கலாம். அவரா என்று நான் கேட்கவில்லை. என் குடையைக் கொஞ்சம் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன்.