ஜெலெனோவின் வற்றிய குளம்

வள்ளியூரிலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த பிறகு பொன்செல்வி பார்த்த ஒரே வெளியூர் பொன்முடி. ஆனால் செக் நாட்டில் ஜெலெனோவ் என்ற சிற்றூரின் தெருக்களெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அவள் கணவன் பிரவின்ராஜ் பன்னிரண்டு வருஷம் திருவனந்தபுரத்து அடுக்குமாடிகளில் டைல்ஸ் ஒட்டியவன். போன வருஷம் தம்பானூர் ஏஜென்சி ஒன்று அவனை ஜெலெனோவின் இரும்புத் தகடு ஃபேக்டரிக்கு அனுப்பியது. ஞாயிறுதோறும் வீடியோ காலில் ஊரைச் சுற்றிக் காட்டுவான். எதையும் எட்டு வைத்து அளப்பது அவன் வழக்கம். சதுக்கம் நூற்றுப் பத்து எட்டு. அங்கிருந்து கோட்டைக்குப் போகும் தெரு இரண்டாள் உயரம் இறங்குகிறது.

சதுக்கத்தின் நடுவே மாதா நிற்கும் ஒரு தூண். முந்நூறு வருஷத்துக்கு முன் கொள்ளைநோயில் பாதி ஊர் செத்தது; மிச்சப் பேர் நன்றி சொல்லிக் கட்டினார்கள். பாதிப் பேரைத் தின்றுவிட்டு நின்ற நோய்க்கு நன்றி.

"அம்ம வந்தா கும்புடுத நம்ம முத்தாரம்மன் மாதிரியா?" என்று கேட்டாள் பொன்செல்வி.

"ஆமா. கொடைத் திருவிழாதான் கெடையாது. கும்பாட்டம் பாக்கணும்னா நான்தான் ஆடணும்."

பின்தெருவில் பூட்டிய யூதத் தொழுகைக்கூடம். நாஜிகள் ஒரே வருஷத்தில் அள்ளிக்கொண்டு போனவர்களின் பெயர்கள் சுவரில் இருந்தன. அந்த ஊர் தன் கொலையைச் சுவரிலாவது எழுதி வைத்திருக்கிறது. நம்மிடம் அதுவும் கிடையாது.

கோட்டைக்குக் கீழே, நானூறு வருஷத்துக்கு முன் ஒரு பிரபு குடியானவர்களை அடித்து வேலை வாங்கி வெட்டிய குளம். அக்டோபர் கடைசி ஞாயிறு பிரவின்ராஜ் அதைக் காட்டியபோது அதில் தண்ணீர் இல்லை. மதகைத் திறந்துவிட்டு, ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் சேற்றில் இறங்கிக் கெண்டை மீன்களை அள்ளிக்கொண்டிருந்தார்கள். வருஷாவருஷம் அங்கே அப்படித்தானாம்; மார்ச்சில்தான் மறுபடி நிறையுமாம்.

பத்தாம் நாள் ஏஜென்சியில் கூப்பிட்டார்கள். மாமியார் சுடலைமாடத்தியும் கூடப் போனாள். மேனேஜர் வினீத் ஃபேக்டரியிலிருந்து வந்த கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரைத் திருப்பி வரைபடத்தைக் காட்டினான்.

"சேச்சி, ஃபேக்டரி இவிடே. குளம் இவிடே. கழிஞ்ச புதனாழ்ச்ச பிரவின்ராஜ் லீவெடுத்து நடக்கப் போயி, குளத்துல முங்கிப் போச்சு."

சுடலைமாடத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பொன்செல்வி திரையில் இருந்த நீலத்தையே பார்த்தாள்.

"சாரே, அந்தக் குளத்துல தண்ணி இல்லியே."

"எந்தா?"

"மீன் பிடிக்கத் தொறந்து விட்டாச்சு. அவிய எனக்குக் காட்டுனாவ. சேறுதான் கெடக்கு."

வினீத் மறுபடி வரைபடத்தைப் பார்த்தான். அதில் குளம் எப்போதும் நீலம்தான். கடிதத்தை எழுதியவர் அந்த நீலத்தைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்.

"மழை பெய்திருக்கும்."

"ஞாயித்துக்கெழம காட்டுனாவ. மூணே நாள்லயா?"

அவன் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டிக் குரலைத் தணித்தான். "சேச்சி ஒப்பிட்டால் வெள்ளியாழ்ச்ச பாடி வரும். இல்லெங்கில் எப்பன்னு எனக்கு அறியில்லா."

ஃபேக்டரிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்பது அந்தத் தாளின் கடைசி வரி.

"ஏட்டி, கையெழுத்தப் போட்டுக் குடு. எம்பிள்ள மொகத்தப் பாக்கணும்" என்றாள் தரையிலிருந்து சுடலைமாடத்தி.

"போட்டா, அவிய சும்மா போயிச் செத்தாவன்னு ஆயிரும் அத்த."

"எப்படிச் செத்தா என்னட்டீ. அவன் வரணும்."

பொன்செல்வி கையெழுத்துப் போடவில்லை. தொழிலாளர் யூனியன் ஆபீஸில் பகவதி என்ற பெண், குளம் வற்றியிருந்த விவரத்தை எழுதி ஜெலெனோவ் போலீசுக்கு அனுப்பினாள். ஒரு வாரம் போயிற்று. ஒரு மாதமும் போயிற்று. அந்த நாட்களில் சுடலைமாடத்தி மருமகள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

நாற்பத்துமூன்றாம் நாள் பெட்டி வந்தது, கூடவே மருத்துவர் சான்றும். தகடு அழுத்தும் இயந்திரத்தில் வலது தோள் சிக்கி, ரத்தம் போய் மரணம். நுரையீரலில் தண்ணீர் இல்லை. பகவதி அதை இரண்டு தடவை மொழிபெயர்த்துச் சொன்னாள். வழக்குப் போட அது போதுமாம்.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கூட வந்த அதிகாரி சொல்லிவிட்டார். சுடலைமாடத்தி அதன் மூடியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உனக்குப் பேப்பரு கெடச்சிட்டு" என்றாள், திரும்பாமலே. "எனக்கு மொகம் கெடைக்கலியே."

பொன்செல்வி சான்றை மடித்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு, பெட்டியைத் தூக்க வந்தவர்களுக்கு வழிவிட்டு நின்றாள்.