பாட்டு வந்த நான்காவது இடம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பயம் இல்லை, எரிச்சல். பதினைந்து வருடமாக வீடுகளில் ஸ்பீக்கர் மாட்டிக் கொடுக்கிறவன் நான். மாடியில் யாரோ நடக்கிறார்கள் என்று நடுங்கிய வீட்டில் தண்ணீர்க் குழாயைத் தட்டிக் காட்டியிருக்கிறேன். சுவர் முனகுகிறது என்ற வீட்டில் பக்கத்து வீட்டு மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். சத்தம் வந்தால் அது வருகிற இடம் ஒன்று உண்டு, அந்த இடத்தில் ஒரு பொருள் உண்டு, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. வேறு ஒருவன் சொல்லி நான் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. கிரேஸ் டீச்சர் என்று ஓய்வு பெற்ற ஆசிரியை, அவர் கணவர் சாமுவேல் சார், எல்லோரும் அத்தை என்று கூப்பிடுகிற சாருடைய அக்கா, ஆக மூன்று பேர்தான். ஒரே மகன் ஜெபராஜ் சரக்குக் கப்பலில் வேலை. போன லீவில் வந்தபோது, அம்மா அடுப்படியில் நின்றாலும் ஹாலில் இருந்தாலும் மெல்லிசாகப் பாட்டு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கூரையில் பதிக்கிற ஸ்பீக்கர்களை வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த வேலைக்குத்தான் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

போன உடனே தெரிந்தது, அந்த வீட்டில் யாருக்கும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சார் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். டீச்சர் கையில் போன். ஒன்றரை மாதமாக மகனிடமிருந்து ஒரு தகவலும் இல்லையாம். கம்பெனியில் கேட்டால், விசாரிக்கிறோம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

"கப்பல்ல இருக்கவன் ஆசைப்பட்டான்னு இவ வீட்டப் பிரிச்சுப் போட்டுருக்கா தம்பி. அவன் மொதல்ல வரட்டும்னு சொல்லுதேன், கேக்க மாட்டேங்கா" என்றார் சார்.

"வேலைய நிப்பாட்டுனா அவன் வர மாட்டான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லா" என்றார் டீச்சர். சார் மறுபடி வாசலுக்குப் போனார்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னணி இசைக்குக் கூரையை அளந்து சம தூரத்தில் ஓட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. மனிதர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் ஸ்பீக்கர் வேண்டும். ஆனால் நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் போதும், போட்டோவுக்கு உட்காருவது போல நிமிர்ந்து இடம் மாறி உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் வீட்டு வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். பேச்சு எங்கிருந்து வருகிறதோ அங்கே பென்சிலால் ஒரு குறி. பிறகு திரும்பிப் பார்த்து அளப்பேன். அரை அடிக்கு மேல் தவறியதே கிடையாது, அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

அந்த வீட்டில் பேச்சே இல்லையே, என்ன செய்வது? குடும்ப ஜெபம் நினைவுக்கு வந்தது. தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஹாலில் பாய் விரித்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்து, ஒரு பாட்டு பாடி, வேதம் வாசித்து, ஜெபம் செய்வார்கள். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எனக்குப் பாளையங்கோட்டையில் நிறைய கிறிஸ்தவ நண்பர்கள், எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். ஜெபத்துக்கு உட்காரும்போது யாரும் நடிக்க மாட்டார்கள். "நீங்க எப்பவும் போல ஜெபம் பண்ணுங்க டீச்சர், நான் ஒரு ஓரமா இருக்கேன்" என்றேன்.

அடுப்படிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். பாட்டு ஆரம்பித்தது. டீச்சர் குரல் நடுவில், ஒரு குறி. சாருடையது வாசல் பக்கம், கொஞ்சம் கரகரப்பு, ஒரு குறி. அத்தையுடையது கீச்சுக்குரல், கட்டில் ஓரம், ஒரு குறி. ஜன்னல் பக்கமிருந்து கனமான ஆண் குரல், அடியை இழுத்து இழுத்து, மற்றவர்களுக்கு ஒரு இம்மி பின்னால். நல்ல குரல். அங்கேயும் ஒரு குறி போட்டேன். அப்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை பாருங்கள், அதுதான் ஆச்சரியம். வேலை மும்முரத்தில் கை அதுபாட்டுக்குப் போட்டது.

ஆமென் சொன்னதும் திரும்பினேன். பாயில் மூன்று பேர். ஜன்னல் பக்கம் வெறும் தரை.

மடியில் பார்த்தேன், நான்கு குறி. அதற்குள் டீச்சர் எழுந்து வந்து வரைபடத்தை எட்டிப் பார்த்துவிட்டார்.

"இது யாருக்கு தம்பி?"

"தப்பா போட்டுட்டேன் டீச்சர்."

"ஜன்னலுக்குக் கீழ, சொவர் ஓரமா. அங்கன தான ஜெபராஜ் உக்காருவான்" என்றார். அந்தக் குறியின் மேல் விரலை வைத்தார். "உங்களுக்கு எதும் கேட்டுச்சா? ஆம்பளக் குரலா?"

சாரும் பாயில் இருந்தபடியே என்னைப் பார்த்தார். கேட்டது என்று சொன்னால் என்ன அர்த்தமாகும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கடலில் இருக்கிறவன் குரல் வீட்டுக்குள் கேட்டால், அதற்குப் பிறகு அந்த அம்மா எதை நம்பி இருப்பார்? பொய் சொன்னேன். "சார் குரல்தான் டீச்சர், ஜன்னல் கண்ணாடில பட்டுத் திரும்பிருக்கு, எதிரொலி." ஒரு எதிரொலி அந்தக் குரலுக்குரியவரை விடக் கனமாகப் பாடாது என்று எனக்குத் தெரியும். டீச்சர் தலையை ஆட்டினார். பிறகு, "அந்த எடத்துலயும் ஒண்ணு மாட்டிருங்க" என்றார்.

தச்சநல்லூருக்கு வண்டியில் திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் நிறுத்திவிட்டு நின்றேன். வீட்டுக்குப் போகவும் பிடிக்கவில்லை, நிற்கவும் பிடிக்கவில்லை. ஜெபராஜ் முகம்கூட எனக்குத் தெரியாது, ஆனால் அவன் போய்விட்டான், அது எனக்கு மட்டும் தெரியும் என்ற நினைப்பு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. அடுத்த பத்து நாளும் ஆளை வைத்துக் கூரை வேலையை முடித்தேனே தவிர, டீச்சர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நம்பினால் நம்புங்கள், பதினோராவது நாள் டீச்சர் போன் செய்தார். அழுகையும் சிரிப்புமாக ஒன்றும் புரியவில்லை. ஜெபராஜ் வந்துவிட்டான்! கப்பலில் காய்ச்சல் கண்டு ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள், போனும் தொலைந்திருக்கிறது. ஆள் இளைத்து, ஆனால் முழுசாக வந்து நிற்கிறான். "சாயந்தரம் வாங்க தம்பி, ஆம்பிளிஃபயரையும் மாட்டிருங்க, அவன் கேக்கணும்."

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே அந்த இடத்தில் மெலிந்த ஒரு பையன் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அலமாரிப் பக்கம் குனிந்து நான் ஒயர்களைச் சொருக ஆரம்பித்தேன். பாட்டு எழுந்தது. டீச்சர், சார், அத்தை, அப்புறம் அதே கனமான குரல், அதே இழுவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். அவன் உயிரோடு இருக்கும்போதே அவன் குரல் எப்படியோ வீட்டுக்கு வந்திருக்கிறது, அது தாய்ப் பாசமோ என்னவோ, செத்தவன் குரல் இல்லை, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். ஜெபம் முடிந்து அவன் வந்து என் கையைப் பிடித்துச் சிரித்தான். பேசவில்லை, கூச்சம் போல.

எல்லாவற்றையும் மாட்டி, மெல்லிசாக இசையை ஓட விட்டுக் கிளம்பினேன். கேட் வரைக்கும் டீச்சர் வந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

"டீச்சர், அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். எதிரொலி இல்ல. ஆம்பளக் குரல் கேட்டுச்சு. நீங்க பயந்துருவியளேன்னுதான் சொல்லல. இன்னைக்கு உங்க மகன் பாடும்போது தெரிஞ்சுபோச்சு, அச்சு அசல் இதே குரல்தான்."

டீச்சர் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் இன்னைக்குப் பாடல தம்பி. காய்ச்சல்ல தொண்ட போயிருக்கு, ஒரு வார்த்த பேச முடியல. டாக்டர் வாயத் தொறக்கக் கூடாதுன்னுருக்காவ. சும்மா புஸ்தகத்தப் பிடிச்சுட்டு இருந்தான்."

உள்ளே இசை போய்க்கொண்டிருந்தது. டீச்சர் வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எனக்கும் ஒரு மாசமா கேக்கு தம்பி. எம்புள்ளன்னு நெனச்சுத்தான் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன். இப்ப அவன் வந்து அங்கன உக்காந்துட்டான். அப்பம் இன்னைக்கு அது எங்கன உக்காந்து பாடுச்சு?"

"தெரியல டீச்சர்" என்றேன்.

அது இரண்டாவது பொய். எனக்குத் தெரியும், இடம் கண்டுபிடிப்பதுதானே என் தொழில். சந்தோஷத்தில் அப்போது உறைக்கவில்லை, அந்தச் சாயங்காலம் குரல் ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை. அலமாரிப் பக்கமிருந்து வந்தது, நான் குனிந்திருந்த இடத்தில், என் இடது தோளுக்குப் பக்கத்தில். கடைசி அடிக்கு முன்னால் அது மூச்சு இழுத்ததுகூட எனக்குக் கேட்டது.